பாலத்தில் ஒட்டாத இரண்டு கோடுகள்

கணபதியும் அவர் மகள் தமயந்தியும் சேர்ந்து கடைசியாகச் செய்தது பெரிய வேலை ஒன்றுமில்லை. அவர் ஒரு வயரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, மாசித் தேர் முடிந்த வாரம். இடம், மாத்தளை டவுனில் அவர்களுடைய தராசு பழுதுபார்க்கும் கடை. மேசையின் ஒரு பாதியில், வில்கமுவையில் நெல் வாங்கும் ஸ்டோர்காரர் ஒருவருடைய மூட்டை நிறுக்கும் தராசு அக்கக்காகக் கழன்று கிடந்தது. மறு பாதியில் தமயந்தியின் லேப்டாப். அதிலிருந்து ஒரு வயர் போய், உள்ளங்கை அகலமுள்ள ஜீபீஎஸ் கருவியில் செருகியிருந்தது. கருவியின் வாய் தளர்ந்துவிட்டது. வயரைச் சற்றே சாய்த்து விரலால் அழுத்திக்கொண்டிருந்தால்தான் ஒன்றை மற்றது அறியும். அப்படி அழுத்திக்கொண்டிருந்தது கணபதியின் ஆள்காட்டி விரல்.

புதிய வரைபடம் இருக்கிறது, பழையதை எடுத்துவிட்டு இதைப் போடவா என்று திரை கேட்டது. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

தமயந்தி கண்டியில் ஒரு டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தாள். எந்த ஊரில் சிக்னல் எடுக்கிறது, எங்கே எடுக்கவில்லை என்று வண்டியில் போய் அளப்பது அவள் வேலை. வரைபடத்தை ஆபீசில்தான் வாங்கி வந்திருந்தாள். எத்தனையோ ரோடுகளைச் சேர்த்திருக்கிறார்கள், பிழைகளைத் திருத்தியிருக்கிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எலஹெரப் பக்கம் அந்தப் பாலம்? அத ஒட்டிட்டானுங்களா?"

"ஒட்டிட்டாங்கப்பா."

அவர் தராசுத் தண்டைத் தாங்கும் கத்திமுனையில் படிந்திருந்த தூசியை வாயால் ஊதினார். அவள் கட்டத்தை அழுத்தப் போன நேரம், இணைப்பு இல்லை என்று திரை சொன்னது. பார்த்தால் விரல் வயரை விட்டு விலகியிருந்தது.

"வயரு வழுக்கிருச்சு புள்ள," என்றார். "இப்ப என்ன அவசரம். வில்கமுவைக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம்."

அவள் வற்புறுத்தவில்லை. வயர் ஏன் வழுக்கியது என்று அவளுக்குத் தெரியும். லேப்டாப்பை மூடினாள். அவர் கழற்றிய தராசைத் திரும்பப் பூட்டத் தொடங்கினார். அந்த வாரம் தாண்டவில்லை. ஒரு நாள் காலையில் கடையைத் திறந்து ஸ்டூலில் உட்கார்ந்தவர், நெஞ்சை என்னவோ செய்கிறது, கொஞ்சம் சுடுதண்ணி வேண்டும் என்றார். தண்ணீர் வருவதற்குள் போய்விட்டார்.

*

கணபதி இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அண்ணன் லெட்சுமணன். கடைக்குட்டி புஷ்பவதி. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது, லெட்சுமணன் தம்பியையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு இறங்கினார். நுஹ்மான் நானா என்று ஒருவர் தராசுப் பட்டறை வைத்திருந்தார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு தம்பியையும் சேர்த்துவிட்டார்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, மலையில் பசி பரவிய வருடங்களில் இவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு இருந்தது. அதற்குக் காரணம் தராசுதான். ராத்தல் போய்க் கிலோ வந்த காலம் அது. கடைக்குக் கடை, ஸ்டோருக்கு ஸ்டோர் தராசுகளை மாற்ற வேண்டியிருந்தது. அண்ணனும் தம்பியும் சொந்தக் கடை போட்டார்கள். லெட்சுமணன் கடையில் இருந்து வேலை பார்த்தார். கணபதி ஊர் ஊராகப் போனார். அரசாங்கத்து ஆள் வந்து முத்திரை குத்துவதற்கு முன்னால் தராசைச் சரி செய்து வைப்பது அவர் வேலை. இரத்தோட்டையில் ஏலம், கராம்பு வாங்குகிறவர்கள், வில்கமுவையில் நெல் வாங்குகிறவர்கள், தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவங்கள் எல்லாமே அவர் கைக்குள் இருந்தன.

கடைக்குப் பின்னால் ஓர் அறை. அங்கே புஷ்பவதி அண்ணன்மாருக்குச் சமைத்துப் போட்டாள். லக்கல பக்கத்திலிருந்து மிளகு ஏற்றி வரும் முதியான்சே என்ற சிங்களப் பையன் தன் தராசைப் பழுது பார்க்கக் கொடுத்தான். அந்தத் தராசு அதற்குப் பிறகு அடிக்கடி பழுதானது. ஒரு வருடத்தில் புஷ்பவதி அவனோடு போய்விட்டாள். லெட்சுமணன் மூன்று மாதம் அவள் பேரைச் சொல்லவில்லை. பிறகு தானே ஒரு சேலை எடுத்து அனுப்பினார். அது அப்படியே சரியாகிப் போயிருக்கும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. குடும்பம் முழுக்க நுஹ்மான் நானா வீட்டுப் பின்கட்டில் ஒளிந்திருந்தது. தமயந்தி அப்போது கைக்குழந்தை. அன்றைக்கு முதியான்சே டவுனில் இருந்தான் என்றும், சந்தியில் கொளுத்த வந்த கூட்டத்தோடு நின்றதைப் பார்த்ததாகவும் யாரோ வந்து சொன்னார்கள். மறுநாள் அவன் ஒரு மூட்டை அரிசியோடு வந்தான். நேற்று எங்கே நின்றாய் என்று லெட்சுமணன் கேட்டார். சந்தியில்தான் நின்றேன், முன்னாலும் வர முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை என்று அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். உண்மையாகவே இருக்கலாம். லெட்சுமணன் அரிசியைத் தொடவில்லை.

தம்பியை முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். சூடத்தைக் கொளுத்தி வைத்து இருவரும் சத்தியம் செய்தார்கள். இனிமேல் அவள் வாசலுக்கு வழி தேடிப் போக மாட்டேன், அவள் வீட்டில் கை நனைக்க மாட்டேன். ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அழுத்தி அணைத்தார்கள். கணபதியின் வலது உள்ளங்கையில் அந்த வடு கடைசி வரை இருந்தது.

அம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சொன்ன சொல்லை அவர் தராசுப் படிக்கல்லாகவே வைத்திருந்தார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். எண்பத்தொன்பதில், சிங்கள ஊர்களில் மூண்ட கிளர்ச்சியை அடக்குவதாகச் சொல்லி, லக்கல பக்கத்து இளைஞர்களையும் நடுவயதுக்காரர்களையும் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். முதியான்சேயையும் ஓர் இரவு கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. பஸ்ஸில் வந்த ஒருவர் கடையில் இதைச் சொல்லிவிட்டுப் போனார். கணபதி கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார். லெட்சுமணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் யாரும் போகவில்லை. போக வழி இல்லை என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள். தங்கச்சிக்குப் பிள்ளையும் இல்லை. அவள் அந்த வீட்டிலேயே மிளகுக் கொடிகளோடு தனியாக இருந்தாள்.

*

ஜீபீஎஸ் கருவி இரண்டாயிரத்து ஏழின் கடைசியில் வந்தது. ஆபீசில் புதுக் கருவிகள் வாங்கினார்கள். பழையதைக் கேட்டு வாங்கி, தமயந்தி அப்பாவின் வேனில் பொருத்தினாள். அவள் அம்மா வேலம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்தது. தமிழ் ஆள் ஒருவன் வழி காட்டுகிற மெஷினை வண்டியில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடிகளைத் தாண்டுவது எங்கே போய் முடியுமோ என்று பயந்தாள். கருவி ஆங்கிலத்தில் ஒரு பெண் குரலில் பேசியது வேறு அவளுக்கு எரிச்சல். கணபதிக்கு அந்தக் குரல் ரொம்பப் பிடித்துப் போயிற்று. 'இங்கிலீஸ்காரி' என்றுதான் சொல்வார். அது இடப்பக்கம் திரும்பு என்றால், "சரிம்மா" என்று பதிலும் சொல்வார்.

முதல் தடவை வில்கமுவைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் வழக்கமாகப் போவது நாவுலைக்குப் போய் எலஹெர வழியாகச் சமதரை ரோடு. கருவி இரத்தோட்டை வழியாக மலையைக் காட்டியது. தமயந்திக்கே சந்தேகம் வந்தது. கணபதி, புதிதாக வந்தவள் பேச்சை முதல் நாளே தட்டக் கூடாது என்றார். ரிவஸ்டன் மலைப் பக்கம் ஏறும்போது மூடுபனியில் எதிரில் வந்த வண்டிகூடத் தெரியவில்லை. ஓர் இடத்தில் ராணுவக் காவல். மெஷினைப் பார்த்து, இது உன்னை எங்கே கொண்டு போகிறது என்று சிப்பாய் கேட்டான். தெரியாது மாத்தயா, போய்ச் சேர்ந்தால்தான் தெரியும் என்று கணபதி சிங்களத்தில் சொன்னார். அவன் சிரித்துவிட்டான். போகச் சொன்னான்.

மலை இறங்கியதும் ரோடு மோசமானது. இது வில்கமுவைக்குத்தான் போகிறதா என்று கேட்டுவிடலாம் என வேனை நிறுத்தினார். ரோட்டோரத்து வீடு ஒன்றின் முன்னால், பாயில் மிளகைக் காயப்போட்டுக் கையால் துழாவிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். அவர் சிங்களத்தில் கேட்டார். போகும், ஆனால் சுற்றுவழி என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கை பாயின் மேல் நின்றுவிட்டது.

"சின்னண்ணே," என்றாள். "யாரு ஒங்களுக்கு இந்த வழியச் சொன்னது?"

கணபதி கருவியைக் காட்டினார். "இவதான்."

அவர் இறங்கினார். இருபத்து நான்கு வருடம். இருவரும் அழவில்லை. வாசலில் ஒரு கல் கிடந்தது. அதில் உட்கார்ந்தார். வழி தேடிப் போகக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார், அவர் தேடவில்லையே. புஷ்பவதி உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். அவர் கையை எடுத்துக் கும்பிட்டார். சத்தியத்தைப் பற்றி அவளுக்கும் அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது. கிளாசை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். வந்தபோது கையில் ரோசாப்பூப் படம் போட்ட சிவப்பு பிளாஸ்க்.

"வீட்டுல தானே கை நனைக்கக் கூடாது. மதகத் தாண்டிப் போயிக் குடிங்க," என்றாள்.

அண்ணனும் தங்கையும் ஒரே வார்ப்பு என்று தமயந்தி அப்போது நினைத்துக்கொண்டாள். மதகைத் தாண்டி வேனை நிறுத்தி அவர் குடித்தார். மகளுக்கும் ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தார். இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி.

திரும்பி வந்த பிறகு அவள் கருவியை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தாள். பிழை உடனே தெரிந்தது. எலஹெரப் பக்கம் ஒரு பாலம். வரைந்தவர்கள் இந்தக் கரையில் ஒரு கோட்டை முடித்து, அந்தக் கரையில் இன்னொரு கோட்டைத் தொடங்கியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி. கண்ணுக்கு ஒரே ரோடாகத் தெரியும். கருவிக்கு அது கடக்க முடியாத ஆறு. அதனால்தான் மலையைச் சுற்றி அனுப்புகிறது. அவள் இதை விளக்கினாள். கணபதி அந்த இடைவெளியைத் திரையில் விரலால் தொட்டுப் பார்த்தார். இதைத் திருத்த முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள்.

"அவசரம் இல்ல," என்றார்.

அதற்குப் பிறகு வில்கமுவைக்கு என்று கிளம்பிய ஒவ்வொரு தடவையும் அவர் இங்கிலீஸ்காரியின் பேச்சைக் கேட்டு நடந்தார். சந்தியில் நாவுலை ரோட்டைப் பார்க்கவே மாட்டார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை. பிளாஸ்கில் ஒரு தடவை சீனி போடுவார், ஒரு தடவை கராம்பு, நோன்புக் காலத்தில் நுஹ்மான் நானா வீட்டுப் பேரீச்சம்பழம். அந்த வாசலில் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார். மழையைப் பற்றி, மிளகு விலையைப் பற்றிப் பேசுவார்கள். கிளம்பும்போது புஷ்பவதி தவறாமல் ஒன்று கேட்பாள். பெரியண்ணன் என்னைக் கேட்டாரா? கணபதி அதற்கு ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அவளிடம் பொய் சொல்ல வராது.

வீட்டுக்குப் பொழுது சாய்ந்து வருவார். மெஷின் சுற்றவிட்டுவிட்டது என்பார். வேலம்மா பிளாஸ்கைக் கழுவிக்கொண்டே சொல்வாள்: "ஊரு ஒலகத்துல வழி தெரியுறதுக்கு மெஷினு வாங்குவாங்க. இந்த மனுசன் வழி தவறுறதுக்கு வாங்கியிருக்காரு." அவளுக்கும் தெரியும். தெரிந்ததாக அவளும் காட்டிக்கொள்ளவில்லை.

*

சாவு வீட்டில் கேதம் சொல்லி அனுப்ப வேண்டியவர்களை லெட்சுமணன்தான் சொன்னார். குடும்பத்தில் மூத்தவர் அவர். இரத்தோட்டைத் தோட்டம், உக்குவளை, கண்டி, வத்தேகமை என்று ஊர் ஊராகச் சொல்ல, ஆட்கள் கிளம்பினார்கள். கடைசி ஆளும் போன பிறகு, இன்னும் ஒரு பேர் வரும் என்று வேலம்மாவும் தமயந்தியும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் எழுந்து பந்தல் போடுகிறவர்களிடம் போய்விட்டார்.

புஷ்பவதியின் ஊருக்கு டெலிபோன் எடுக்காது. தமயந்தி தானே அளந்து பார்த்த ஊர் அது. சிக்னல் அளக்கும் கருவியில் ஒரு கோடுகூட ஏறவில்லை. தேர் முடிந்ததும் வருவேன் என்று அப்பா அங்கே சொல்லிவிட்டு வந்திருந்தார். அத்தை இப்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேன் வரவில்லையே, மெஷினுக்கு வழி தெரிந்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டிருப்பாள். கருமாதி வருவதற்குள் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். கூடப்பிறந்தவள் கருமாதிக்கும் இல்லையென்றால் பிறகு எதற்கு இருப்பது.

பஸ் ஏறித் தானே போய்ச் சொல்லிவிடலாம் என்று அவள் முதல் நாளிலிருந்து யோசித்தாள். சூடம் அணைத்தது அவள் இல்லை. ஆனால் போய் நின்றால் அத்தை முதலில் என்ன கேட்பாள் என்றும் தெரியும். பெரியண்ணன் சொல்லி அனுப்பினாரா? இல்லை என்று சொல்ல வேண்டும். மூத்தவர் வாயிலிருந்து வராத கேதத்தைத் திருட்டுப் பொருள் மாதிரிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அத்தை அதை வாங்கிக்கொண்டு அழுவாள். கருமாதிக்கு வர மாட்டாள்.

அப்போதுதான் வில்கமுவை ஸ்டோர்காரரிடமிருந்து ஆட்கள் வந்தார்கள். கணபதியின் சாவுக்கு வருத்தம் சொன்னார்கள். தயங்கித் தயங்கித் தராசைப் பற்றியும் கேட்டார்கள். அறுவடை நெல் மூட்டை மூட்டையாக வந்து குவிகிறது. நிறுக்க வழியில்லை.

அடுத்தவன் பொருளை வைத்துக்கொண்டு கருமாதி செய்யக் கூடாது என்றார் லெட்சுமணன். கணபதி தராசைப் பூட்டி முடித்துத்தான் வைத்திருந்தார். கொண்டுபோய் நிறுத்துக் காட்டுவதுதான் பாக்கி. லெட்சுமணன் தானே வருவதாகவும் தமயந்தி வேனை ஓட்ட வேண்டும் என்றும் சொன்னார். எண்பத்து மூன்றுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போனதில்லை. கடையை விட்டு அவர் எங்கும் போனதில்லை என்றே சொல்லலாம்.

"ஒங்கப்பன் மாதிரி என்னால ஊரச் சுத்திக்கிட்டுத் திரிய ஏலாது. அந்த மெஷினுக்குப் புது மேப்பு வந்திருக்குன்னு சொன்னியே, அதப் போட்டுரு," என்றார்.

போட்டால் வேன் சமதரை ரோட்டில் போகும். இனி எப்போதும் அப்படியே போகும். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வாசலில் ஒரு கல் கிடக்கும், அதில் உட்கார ஆள் இருக்காது. போடாவிட்டால், மூத்தவரை ஏமாற்றி, அவர் போக மாட்டேன் என்று சத்தியம் செய்த வாசலில் கொண்டுபோய் இறக்குவது. அப்பா ஏமாறவில்லை. எங்கே போகிறோம் என்று தெரிந்துதான் அவர் போனார். பெரியப்பாவுக்குத் தெரியாது. பிழை என்று தெரிந்த கருவியை இன்னொருவர் கையில் கொடுக்கத் தமயந்திக்கு மனம் வரவில்லை. வேலையிலும் அவள் அப்படிக் கொடுத்ததில்லை. அளவு தவறினால் தவறு என்று சொல்லித்தான் கொடுப்பாள்.

அன்று மத்தியானம் கடையில் லேப்டாப்பைத் திறந்தாள். வயரைச் செருகினாள். பெரியப்பாவைக் கூப்பிட்டு எங்கே அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள். லெட்சுமணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விட்டால் உடைந்துவிடும் என்பது போலப் பிடித்துக்கொண்டார். ஆம், இல்லை என்று திரை கேட்டது. அவர் கை மேசையில் மல்லாந்து இருந்தது. அந்த உள்ளங்கையிலும் அதே வடு.

சொல்லிவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். பிழையைக் காட்டிவிட்டால், போடுவதா வேண்டாமா என்று அவரே தீர்மானிக்கட்டும்.

"பெரியப்பா, பழைய மேப்புல ஒரு பிழை இருக்கு. ஒரு பாலத்துல ரெண்டு கோடு ஒட்டல. அதுனாலதான் அப்பா மலையச் சுத்தி…"

"நிறுத்து," என்றார்.

அவள் நிறுத்தினாள். வெளியே பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் கண்டி, கண்டி என்று கூவிக்கொண்டிருந்தான். லெட்சுமணன் வயரிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"அந்த ரோசாப்பூ பிளாஸ்கு நம்ம வீட்டுப் பிளாஸ்கு இல்லன்னு எனக்குத் தெரியும். ஒரு வருசமா வருது, போவுது. அதுக்கு மேல நீ ஒண்ணும் சொல்லாத. சொன்னா எனக்கு வழி தெரிஞ்சதா ஆயிரும்."

அவள் அவரைப் பார்த்தாள். தாடியை மழிக்காத முகம். அப்பாவின் மூக்கு.

"அப்ப இத என்ன பண்ண?"

"என்னய ஏன் கேக்குற. நான் புது மேப்பு போடச் சொன்னேன். நீ மறந்துட்ட. அப்பன் செத்த வீட்டுல புள்ளைக்கு ஞாபகமா இருக்கும்?"

தமயந்தி இல்லை என்ற கட்டத்தை அழுத்தினாள். கேள்வி மறைந்தது. பழைய வரைபடம் வந்தது. மலை, ஆறு, ஒட்டாத இரண்டு கோடுகள். அவள் லேப்டாப்பை மூடினாள். லெட்சுமணன் இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"விட்டுறலாமா?" என்று கேட்டார்.

"விட்டுறலாம் பெரியப்பா."

*

விடிந்ததும் கிளம்பினார்கள். தராசைப் பின்னால் கோணிச் சாக்கு போட்டுக் கட்டியிருந்தார்கள். வேலம்மா வாசல் வரை வந்தாள். வழக்கமாகச் சொல்கிற எதையும் அன்றைக்குச் சொல்லவில்லை. பெரியப்பாவின் மடியில் ஒரு போர்வையை வைத்தாள். மலையில் குளிரும் என்றாள். எந்த மலை என்று அவர் கேட்கவில்லை.

டவுன் சந்தியில் கருவி வலப்பக்கம் திரும்பச் சொன்னது. இரத்தோட்டை ரோடு. லெட்சுமணன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தமயந்தி திரும்பினாள். கொஞ்ச தூரம் போன பிறகு, இந்தப் பொம்பள என்ன சொல்லுது என்று கேட்டார். வலப்பக்கம் திரும்பச் சொன்னதாகச் சொன்னாள். "படிச்சவளா இருக்கும்," என்றார்.

முதல் ஏற்றத்தில் சீட்டுக்கு அடியிலிருந்து என்னவோ உருண்டு வந்து அவர் காலில் இடித்தது. குனிந்து எடுத்தார். ரோசாப்பூ பிளாஸ்க். போன தடவை அப்பா வாங்கி வந்தது. கழுவிக் காயவைத்து அங்கே வைத்திருந்தார். லெட்சுமணன் மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே ஒரு பிடி சீனி. அதன் மேல் இரண்டு காகிதப் பொட்டலங்கள். மாரியம்மன் தேரன்றைக்கு வாங்கிய திருநீறு ஒன்று. இன்னொன்றில் குங்குமம். முதியான்சே செத்துப்போனார் என்று இதுவரை யாரும் வந்து சொல்லவில்லை. அத்தை இன்னும் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவர் பொட்டலங்களைப் பிரிக்கவில்லை. இருந்தபடியே வைத்து மூடியைத் திருகினார். பிளாஸ்கை மடியில், போர்வைக்கு மேல் நிறுத்தி, வண்டி குலுங்கினாலும் சாயாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கணபதி போட்டு வைக்க வேண்டியதையெல்லாம் போட்டு வைத்திருந்தார். கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பாக்கி.